ரேகை பதியாத விரல்கள்

ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில், சணல் ஆலைகளை ஒட்டி அமைந்த ஒரு கிளையில் நாம் மூன்றாண்டுகள் பணியாற்றினோம். வங்கி அதிகாரிக்கு இடமாற்றம் என்பது ஊதியத்தைப் போலத் தவறாமல் வருவது. மொழி தெரியாத ஊரில், முகங்களுக்கு முன்பாகக் கைகளே நமக்குப் பழக்கமாகின்றன. கவுண்ட்டர்க் கண்ணாடியின் அடியிலுள்ள இடைவெளி வழியே நாள் முழுவதும் வருபவை கைகளே: மீன் செதில் ஒட்டிய கை, மஞ்சள் படிந்த கை, சிமெண்டு வெடிப்புகள் நிறைந்த கை, நகச்சாயம் பூசிய கை.

ஒரு ஜனவரி மாதக் காலையில் முதியவர் ஒருவர் வந்தார். இளமையில் பீகாரிலிருந்து வந்து, ஆலையின் நூற்புப் பிரிவில் முப்பத்தெட்டு ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர். வருங்கால வைப்பு நிதித் திட்டத்தின் கீழ் அவருக்கு மாதம் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் ஓய்வூதியம். வாழ்நாள் சான்றிதழின் ஓராண்டுத் தவணை முடிந்து, இரண்டு மாதங்களாகப் பணம் வரவில்லை. கருவியில் விரலை வைக்கச் சொன்னோம். பதியவில்லை. மறு விரல், மறு கை, கைக்குட்டையால் துடைத்து ஒரு முறை, தலைமுடியில் தேய்த்துவிட்டு ஒரு முறை. பத்து விரல்களும் பார்த்தாயிற்று. “நாளை வாருங்கள், சாசா” என்றோம். அவ்வாறு நான்கு முறை வந்தார். ஒவ்வொரு முறையும் டோட்டோ வண்டிக்குப் போகவர இருபது ரூபாய். நான்காம் முறை அவர் சினமேதுமின்றிக் கேட்டார்: “சாஹப், நான் இங்கே நிற்கிறேன். நான் இருப்பதற்கு இயந்திரம் ஏன் சாட்சி சொல்ல வேண்டும்?”

அதற்கு நம்மிடம் விடை இல்லை. வணிகவியல் பட்டம் பெற்ற நமக்கு, விரல் நுனியில் இருக்கும் ஒன்று எவ்வாறு தேய்ந்து காணாமற் போகும் என்பதும் தெரியவில்லை. அன்று மாலை நிலையான வைப்பைப் புதுப்பிக்க வந்திருந்த அரசு மருத்துவமனைத் தோல் மருத்துவர் ஒருவரிடம் இதைக் கேட்டோம். அவர் தொடங்கியது விரலில். முடித்தது முழு உடலில். இக்கட்டுரையில் உள்ள மருத்துவச் செய்திகளில் பெரும்பகுதி, அவர் வாய்வழி கேட்டும் அவர் சொல்லிப் படித்தும் நாம் அறிந்துகொண்டவை.

விரல் ஒப்பம் தோன்றிய மாவட்டம்

அந்த முதியவரின் விரல் பதிய மறுத்த இடம் வரலாற்றில் சிறப்பு வாய்ந்தது. 1858-ஆம் ஆண்டு வங்காளத்தின் ஜங்கிப்பூரில் பணியாற்றிய வில்லியம் ஹெர்ஷல் என்னும் ஆங்கில அதிகாரி, சாலைக்கு ஜல்லி வழங்கும் ஒப்பந்தத்தில் ராஜ்யதர் கோனாய் என்பவரின் முழு உள்ளங்கைப் பதிவை வாங்கினார். பின்னாளில் கையொப்பத்தை மறுத்துவிடக் கூடாதே என்னும் அச்சமே அதற்குக் காரணம். அறிவியல் நோக்கம் ஏதும் அப்போது அவருக்கு இல்லை. ஆனால் பழக்கம் ஆர்வமாகி, ஆர்வம் ஆய்வாயிற்று. 1877-இல் ஹூக்ளி மாவட்ட நீதிபதியாக இருந்தபோது, ஓய்வூதியம் பெறுவோரிடமும் பத்திரப் பதிவுக்கு வருவோரிடமும் விரல் ரேகை வாங்கும் முறையை அவர் கொண்டுவந்தார். இறந்தவரின் பெயரில் மற்றொருவர் ஓய்வூதியம் பெறுவதைத் தடுப்பதே நோக்கம். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழிந்த பின், அதே மாவட்டத்தில், அதே ஓய்வூதியத்துக்காக, உயிரோடிருப்பவர் ஒருவரை நாம் நான்கு முறை திருப்பி அனுப்பினோம்.

ஹெர்ஷல் தம் சொந்த விரல் ரேகைகளை 1859-இல் பதிவு செய்து, 1916-இல் மீண்டும் பதிவு செய்து ஒப்பிட்டார். ஐம்பத்தேழு ஆண்டுகளில் அமைப்பு மாறவில்லை. 1897-இல் கல்கத்தாவில் விரல் ரேகைப் பிரிவு நிறுவப்பட்டது. அங்கே அஜீஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்னும் இரு இந்தியக் காவல் அலுவலர்கள், ரேகைகளை 1,024 அறைகளில் வகைப்படுத்தும் கணித முறையை உருவாக்கப் பெரும்பங்கு ஆற்றினர். அம்முறை உலகெங்கும் பரவியபோது அவர்களின் மேலதிகாரி ஹென்றியின் பெயரையே தாங்கியது. அலுவலகங்களில் இது புதுமையன்று.

ரேகை உண்மையில் எங்கே இருக்கிறது?

வளர்ந்த மனிதர் ஒருவரின் தோலை விரித்தால் ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் வரை வரும்; வீட்டு வாசற்கதவின் பரப்பு என்று கொள்ளலாம். உடலின் மிகப் பெரிய உறுப்பு அதுவே. தடிமன் இடத்துக்கு இடம் வேறுபடும். கண்ணிமையில் மெல்லியது, உள்ளங்காலில் தடித்தது.

தோலில் இரு பெரும் அடுக்குகள் உள்ளன. வெளியே இருப்பது மேல்தோல். அதன் அடியில் உள்தோல். இவ்விரண்டுக்கும் கீழே கொழுப்புத் திசு மெத்தையாக அமைந்து, அதிர்ச்சியைத் தாங்கி வெப்பத்தையும் காக்கிறது. மேல்தோலில் இரத்தக் குழாய்கள் இல்லை. முகம் மழிக்கும்போது மிக மேலோட்டமாகப் பட்ட கீறலில் இரத்தம் வராததும், சற்று ஆழமாகப் பட்டால் உடனே வருவதும் இதனால்தான்.

மேல்தோலின் அடிவரிசையில் செல்கள் இடையறாது பிறக்கின்றன. பிறந்தவை மெல்ல மேலே தள்ளப்படுகின்றன. போகும் வழியில் கெரட்டின் என்னும் உறுதியான புரதத்தால் நிரம்பித் தட்டையாகி, உட்கருவை இழந்து, இறந்த நிலையில் வெளிப்பரப்பை அடைந்து உதிர்கின்றன. இப்பயணத்துக்கு ஏறத்தாழ நான்கு வாரங்கள் ஆகும்; முதுமையில் இன்னும் கூடுதலாகும். நாம் கண்ணாடியில் காணும் தோல் முழுவதும் இறந்த செல்களே என்று மருத்துவர் சொன்னபோது, எங்கள் காசாளர் தம் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஆனால் இறந்த அந்த அடுக்குதான் கோட்டைச் சுவர். செங்கற்களாகச் செல்களும், சாந்தாகக் கொழுப்புப் பொருள்களும் அமைந்து, உள்ளிருக்கும் நீர் வெளியேறாமலும் வெளியிலுள்ள கிருமி உள்ளே புகாமலும் தடுக்கின்றன. மிகுதியான சோப்பு கரைத்துவிடுவது இந்தச் சாந்தைத்தான். ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு இலேசான அமிலத்தன்மை உடையது; பெரும்பாலான சோப்புகளோ காரத்தன்மை உடையவை. நாளொன்றுக்கு மூன்று முறை சோப்பிட்டுக் குளிப்பதைத் தூய்மை எனக் கருதுவோர் இதைச் சிந்திக்கலாம்.

இனி ரேகைக்கு வருவோம். உள்தோலும் மேல்தோலும் தட்டையாக ஒட்டியிருக்கவில்லை; மேடும் பள்ளமுமாய் ஒன்றில் ஒன்று பொருந்தியுள்ளன. விரல் நுனியில் இந்த மேடுபள்ளங்கள் வரிசையாக அமைந்து, அவற்றின் வெளிப்பிம்பமாகவே நாம் காணும் ரேகைகள் எழுகின்றன. தாயின் கருவில் பத்தாம் வாரத்தை ஒட்டி இவை தோன்றத் தொடங்கி, ஆறாம் மாதத்திற்குள் நிலைபெற்றுவிடுகின்றன. கருவறையில் ஒவ்வொரு விரலும் வளரும் வேகம், அழுத்தம் போன்ற நுண்ணிய வேறுபாடுகளும் அமைப்பைத் தீர்மானிப்பதால், ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்குக்கூட ரேகைகள் ஒன்றாக இருப்பதில்லை.

அச்சின் மூலத்தகடு அடியில் இருக்கிறது; மேலே தெரிவது அதன் நகல் மட்டுமே. எனவே மேற்பரப்பு தேய்ந்தாலும், வேலையை நிறுத்திச் சில வாரங்கள் ஓய்வு தந்தால் பழைய ரேகையே மீண்டும் எழும். காயம் உள்தோல் வரை சென்று தழும்பானால் மட்டுமே அவ்விடத்து ரேகை நிலையாக மாறும். ஆண்டாண்டுகளாகச் சணல் இழை ஓடிய விரலில், நகல் உருவாகும் வேகத்தைவிடத் தேயும் வேகம் மிகுதி. வேலையை விட்ட பின்போ முதுமை வந்துவிடுகிறது. முதுமையில் தோலின் மேடுபள்ளங்கள் தாழ்ந்து, நெகிழ்ச்சி குறைந்து, கருவியில் அழுத்தினால் ரேகைகள் நசுங்கிக் கலங்கலாகத் தெரிகின்றன.

மற்றொரு காரணமும் உண்டு. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் எண்ணெய்ச் சுரப்பிகள் இல்லை. அங்கே இருப்பவை வியர்வைச் சுரப்பிகள். அவற்றின் வாய்கள் ரேகை மேடுகளின் மீதே வரிசையாகத் திறக்கின்றன. அந்தச் சிறு ஈரமே கருவிக்கு வேண்டியது. வங்காளத்துக் குளிர்காலக் காற்றில் அந்த ஈரமும் வற்றிவிடும். தலைமுடியில் விரலைத் தேய்த்துக்கொள்ளும்படி நாம் சொன்னது கல்வியறிவால் அன்று, அனுபவத்தால்தான். ஆயினும் அதற்கு ஓர் அடிப்படை இருந்திருக்கிறது. தலையில் எண்ணெய்ச் சுரப்பிகள் மிகுதி.

முதியவருக்கு வழி பிறந்த கதையையும் சொல்லிவிடுகிறோம். விரல் ஒன்றே வழியன்று. கண்ணின் கருவிழி வழியாகவும், கைப்பேசியில் முகத்தைக் காட்டியும் வாழ்நாள் சான்றிதழைப் பதிவு செய்யலாம். முக அடையாள வசதியைப் பற்றிய சுற்றறிக்கை எங்கள் கிளைக்கு முன்பே வந்து, கோப்பில் இருந்தது. படித்ததாக அதன் ஓரத்தில் கையொப்பமிட்டிருந்தவரும் நாமே. ஐந்தாம் முறை எங்கள் இளம் எழுத்தர் தம் கைப்பேசியில் அவர் முகத்தைப் படம் பிடித்தார். ஓரிரு நிமிடங்களில் வேலை முடிந்தது. முதியவர் நன்றி சொன்னார். அது நம்மைச் சற்றுக் கூசவைத்தது.

ஆதலால் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு முதியவரின் விரல் பதியவில்லை என்று எந்த அலுவலகம் சொன்னாலும், “முக அடையாளம் உண்டா, கருவிழிக் கருவி உண்டா?” என்று கேளுங்கள். ஆதார் சேவை மையத்தில் விரல் பதிவைப் புதுப்பிக்கவும் இடமுண்டு. புறப்படுவதற்குச் சில நாட்கள் முன்பிருந்து இரவில் கைகளில் தேங்காய் எண்ணெயோ பெட்ரோலியம் ஜெல்லியோ தடவிவந்தால் பலருக்குப் பலன் கிட்டுகிறது. கருவியில் வைக்கும் நேரத்தில் மட்டும் விரல் எண்ணெய்ப் பிசுக்கின்றி இருக்க வேண்டும்.

ஓயாத உழைப்பாளி

தோலின் பணிகளைப் பள்ளிப் பாடத்தில் நாம் அனைவரும் படித்திருக்கிறோம். மதிப்பெண் பெற்றதும் மறந்தும் இருக்கிறோம். ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது உடலிலிருந்து ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. இருபது முதல் நாற்பது இலட்சம் வரையிலான வியர்வைச் சுரப்பிகள் இதைச் செய்கின்றன. காற்றில் ஈரப்பதம் மிகுந்த கல்கத்தாவின் மே மாதத்தில் வியர்வை வழிகிறதே தவிர ஆவியாவதில்லை; துன்பம் மிகுவது அதனால்தான்.

சூரிய ஒளியின் ஒரு பகுதியைக் கொண்டு வைட்டமின் டி-யைத் தயாரிக்கத் தொடங்குவதும் தோலே. வெயில் கொட்டும் நம் நாட்டில் இக்குறைபாடு பரவலாக இருப்பது வியப்பாகத் தோன்றலாம். காலை ஒன்பதரைக்குக் கிளைக்குள் நுழைந்து இருட்டிய பின் வெளியேறும் நம்மைப் போன்றோருக்கு அதில் வியப்பில்லை.

தொடுதல், அழுத்தம், சூடு, குளிர், வலி ஆகியவற்றுக்குத் தனித்தனி நரம்பு முனைகள் உள்தோலில் உள்ளன. நூறு தாள்களில் ஒரு கள்ளத்தாள் இருந்தால், அனுபவமிக்க காசாளரின் விரல் அதன் மீது ஒரு கணம் நிற்கும். கண் பார்ப்பது அதற்குப் பிறகே. தோல் படையரணாகவும் பணியாற்றுகிறது. 1868-இல் பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ், மேல்தோலில் கிளைகள் விரித்த ஒருவகைச் செல்களைக் கண்டு அவற்றை நரம்புச் செல்கள் என எண்ணினார். அவை அயற்பொருளை இனங்கண்டு நோய் எதிர்ப்பு மண்டலத்துக்குத் தகவல் தரும் காவற்செல்கள் என்பது நூறாண்டுக்குப் பின்னரே தெளிவாயிற்று.

நிறத்தைப் பற்றி ஒரு சொல். தோலுக்கு நிறம் தரும் மெலனினை உருவாக்கும் செல்களின் எண்ணிக்கை கறுத்தவருக்கும் வெளுத்தவருக்கும் ஏறக்குறைய ஒன்றே. அவை உற்பத்தி செய்யும் நிறமித் துகள்களின் அளவும் வகையும் பரவலுமே வேறுபடுகின்றன. இந்த மெலனின் செல்லின் உட்கருவுக்குக் குடை பிடிப்பது போல மேலே அமர்ந்து புறஊதாக் கதிரைத் தாங்குகிறது. அந்தக் குடையைக் கிழிப்பதற்கு நம் மக்கள் மாதந்தோறும் செலவிடும் தொகையைத் தொடர் வைப்பில் போட்டால் என்னவாகும் என்று கணக்கிடத் தோன்றுகிறது, தொழில் பழக்கம்.

கவுண்ட்டரில் காணும் நோய்கள்

வியர்க்குரு, தேமல், பரு, பொடுகு ஆகியவற்றை அனைவரும் அறிவர். அவற்றைக் கடந்து செல்கிறோம். வங்கியில் மிகுதியாக நாம் காண்பது கை எக்ஸிமா. சிமெண்டில் உள்ள குரோமியம், சலவைப்பொடி, ஈரத்திலேயே நாள் முழுதும் ஊறுதல் ஆகியவை காரணங்கள். கொத்தனார், பாத்திரம் துலக்கும் பெண்கள், மீன் விற்போர், முடிதிருத்துவோர் ஆகியோருக்கு அது வருகிறது. காசாளர்களுக்கும் விரல் நுனிகளில் வறட்சியும் வெடிப்பும் உண்டு. ஈரப் பஞ்சுக் கிண்ணத்தில் விரலைத் தொட்டுத் தொட்டு நாளெல்லாம் தாள்களை எண்ணினால் வேறென்ன ஆகும்? இந்நோய் தொற்றாது. ஆனால் வெடித்த கையைக் கண்டு சில்லறையை மேசை மீது வைத்துவிட்டுக் கையை இழுத்துக்கொள்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

சோரியாசிஸும் தொற்றாது. முழங்கை, முழங்கால், தலை ஆகிய இடங்களில் வெள்ளிச் செதில்களோடு தடித்த திட்டுகள் தோன்றும். நான்கு வாரப் பயணத்தைச் செல்கள் சில நாட்களிலேயே முடித்து மேலே குவிந்துவிடுவதே அந்நோய். வெண்புள்ளியும் தொற்றாது, வெண்குஷ்டம் என்ற பழைய சொல் அந்நோயாளிகளுக்கு இழைத்த தீங்கு சிறிதன்று. குஷ்டத்துக்கும் அதற்கும் எவ்வகைத் தொடர்பும் இல்லை. நிறமிச் செல்கள் அழிவதால் மட்டுமே அது தோன்றுகிறது. நெற்றிப்பொட்டின் பசையால் அவ்விடம் வெளுப்பதும் உண்டு. அவர்கள் ஒட்டுப்பொட்டை விட்டுவிடுவது நல்லது.

தொற்றக்கூடியது சிரங்கு. கண்ணுக்குத் தெரியாத சிறு உண்ணி தோலில் குடைந்து முட்டையிடுகிறது. இரவில் அரிப்பு மிகும். விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு ஆகியவை அதன் இருப்பிடம். வீட்டில் ஒருவருக்கு வந்தால் அரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அனைவரும் ஒரே சமயத்தில் மருந்திட வேண்டும். ஒருவர் மட்டும் இட்டுக்கொண்டால் உண்ணி அடுத்தவரிடமிருந்து திரும்பி வரும்.

படர்தாமரை குறித்துச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. இது பூஞ்சையால் வருவது. முன்பு எளிய மருந்துக்கே அடங்கியது. இன்று இந்தியாவெங்கும் மாதக்கணக்கில் அடங்காமல் வீடு முழுதும் பரவுகிறது. பூஞ்சைக்கொல்லி, பாக்டீரியாக்கொல்லி, வீரியமிக்க ஸ்டீராய்டு ஆகிய மூன்றையும் ஒரே குழாயில் அடைத்து விற்கும் களிம்புகள் இதற்கொரு பெருங்காரணம் என்று தோல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் ஓரிரு நாளில் தணித்துவிடும். நோய் தீர்ந்தது என்று தோன்றும். ஆனால் அது அவ்விடத்து எதிர்ப்பாற்றலைத் தணிக்கிறதே தவிரப் பூஞ்சையைக் கொல்வதில்லை. பூஞ்சை தடையின்றி விரிகிறது. கடன் தவணையைக் கட்ட மற்றொரு கடன் வாங்குவது போன்றது இது.

அதே களிம்புகள் முகத்தை வெளுக்கச் செய்யவும் பயன்படுத்தப்படுகின்றன. எம்முடன் பணியாற்றிய பெண் அலுவலர் ஒருவர், தங்கையின் திருமணத்துக்கு முன்பு கடைக்காரர் தந்த குழாய் ஒன்றை மூன்று மாதங்கள் தடவினார். முதலில் பொலிவு வந்தது. நிறுத்தியதும் முகம் சிவந்து எரிந்தது, பருக்கள் கிளம்பின, மெல்லிய இரத்தக் குழாய்கள் கன்னத்தில் தெரியலாயின. மீண்டும் தடவினால் தணியும், நிறுத்தினால் எரியும். அதிலிருந்து மீள அவருக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. திருமணப் படங்களை அவர் எங்களுக்குக் காட்டவே இல்லை. 2018-இல் நடுவண் அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் இருப்பதும் கடையில் நடப்பதும் ஒன்றாக இருப்பதில்லை. குழாயின் மீது பெக்லோமெத்தசோன், குளோபீட்டசால், மோமெட்டசோன் போன்ற பெயர்கள் இருந்தால் மருத்துவர் சொல்லாமல் தொடாதீர்கள்.

ஆறாத புண், வடிவமோ நிறமோ மாறும் மச்சம், உள்ளங்காலில் புதிதாகத் தோன்றும் கரும்புள்ளி ஆகியவற்றைத் தள்ளிப்போடாமல் காட்டிவிட வேண்டும். நம் நாட்டில் தோல் புற்று குறைவு, இல்லாமலில்லை.

அரக்குத் துளி

எங்கள் கிளையில் தஃப்தரி ஒருவர் இருந்தார். பணப்பைகளையும் பார்சல்களையும் கட்டி, அரக்கு உருக்கி முத்திரை வைப்பது அவர் வேலை. ஒரு நாள் உருகிய அரக்கு அவர் இடக்கைச் சுண்டுவிரலில் விழுந்தது. அவர் பேசிக்கொண்டே அடுத்த முடிச்சைப் போட்டார். “கை!” என்று காசாளர் கூவிய பிறகே குனிந்து பார்த்தார். விரலில் கொப்புளம் எழுந்திருந்தது. வலிக்கவில்லையா என்று கேட்டோம். சில மாதங்களாக அந்த விரல் மரத்தே இருக்கிறது, வயதாகிறதல்லவா என்றார். அவருக்கு நாற்பத்தாறு வயது.

நமக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. மறுவாரம் வந்த தோல் மருத்துவரிடம் வேடிக்கைபோல இதைச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. தஃப்தரியை உள்ளறைக்கு அழைத்து, முழங்கையின் உட்புறம் எலும்பை ஒட்டி ஓடும் நரம்பைத் தொட்டுப் பார்த்தார். அது கயிறு போலத் தடித்திருந்தது. முதுகில் சற்று வெளுத்த திட்டுகள் இருந்தன. பஞ்சால் தொட்டதை அவர் அங்கே உணரவில்லை. தொழுநோய்.

1873-இல் நார்வே நாட்டின் பெர்கன் நகரில் ஹான்சன் கண்டறிந்த பாக்டீரியாவே இந்நோய்க்குக் காரணம். அது மிக மெதுவாகப் பெருகுவது. உடலில் புகுந்து அறிகுறி தோன்றச் சராசரியாக ஐந்தாண்டுகள், சிலருக்கு இருபதாண்டுகள்கூட ஆகலாம். சிகிச்சை பெறாதவரின் மூக்கு, வாய் வழியாக வெளிப்படும் துளிகளால், நீண்டகால நெருக்கத்தில் பரவுகிறது. பெரும்பாலோரின் உடல் அதை இயல்பாகவே வென்றுவிடும். கைகுலுக்குவதாலோ, உடன் உண்பதாலோ, ஒரே ரூபாய்த் தாளைத் தொடுவதாலோ அது வருவதில்லை. ரிஃபாம்பிசின், டாப்ஸோன், குளோஃபாசிமின் ஆகியவை அடங்கிய கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே தரப்படுகிறது. நோயின் வகைக்கேற்ப ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ உண்ண வேண்டும். தொடங்கிய சில நாட்களிலேயே பரப்பும் தன்மை நீங்கிவிடுகிறது. வீட்டிலுள்ளோருக்கு ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் தடுப்பு மருந்தாக அளிக்கப்படுகிறது.

2005-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியா, பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்னும் அளவுக்குக் கீழே இந்நோயைக் குறைத்தது. அது ஒழிந்துவிட்டது என்றே நாம் எண்ணியிருந்தோம். உலகில் புதிதாகக் கண்டறியப்படுவோரில் பாதிக்கு மேற்பட்டோர் இன்றும் இந்தியரே.

விரல்கள் அழுகி விழுவதாகச் சிறுவயதில் கேட்ட கதையும் பிழையானது. கொல்லிமலையில் பிறந்து, 1946 முதல் வேலூரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்ட் இதை நிறுவினார். நோய் சதையைத் தின்பதில்லை. நரம்பைத் தாக்கி உணர்ச்சியைப் போக்குகிறது. வலி இல்லாததால் நோயாளி சூட்டை, முள்ளை, செருப்பின் அழுத்தத்தை அறியாமல் தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்கிறார். மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் மீண்டும் இயங்கச் செய்யும் முறையையும் அவர் வேலூரில் வளர்த்தெடுத்தார்.

இத்தனையும் பின்னர் அறிந்தவை. அன்று நடந்ததைச் சொல்வதே முறை. நோயின் பெயர் இரண்டே நாளில் கிளை முழுதும் பரவியது. நம் வழியாகவே பரவியிருக்க வேண்டும். அவருடைய மருத்துவ விடுப்பு விண்ணப்பம் நம் மேசை மீது திறந்தே கிடந்தது. அதன் பிறகு, மாலைத் தேநீர் எங்களுக்குக் கண்ணாடிக் குவளையிலும் அவருக்கு மட்டும் குடித்தபின் எறிந்துவிடும் மண் குவளையிலும் வரலாயிற்று. யார் அவ்வாறு ஏற்பாடு செய்தார் என்று யாரும் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை. கண்ணாடிக் குவளையில் குடித்துக்கொண்டே பதினொரு நாட்கள் அதைப் பார்த்தோம். பன்னிரண்டாம் நாள் மருத்துவர் வந்தபோது அவருக்கும் தேநீர் கொடுத்தோம். அவர் இரு குவளைகளையும் பார்த்தார். தமது கண்ணாடிக் குவளையைத் தஃப்தரியிடம் கொடுத்துவிட்டு, மண் குவளையைத் தாம் எடுத்துக்கொண்டார். பிறகு அனைவரையும் அழைத்து அரைமணி நேரம் பேசினார். மறுநாள் முதல் குவளைகள் ஒன்றாயின. சிலரின் பார்வை மாற இன்னும் சில மாதங்கள் ஆயின.

பன்னிரண்டு மாதம் மாத்திரை உண்டார். குளோஃபாசிமினால் முகம் கறுத்தது. நிறுத்திய பின் அது மெல்லத் தெளியும் என்று மருத்துவர் முன்னரே சொல்லியிருந்ததால் அவர் அஞ்சவில்லை. வெளுத்தோ சிவந்தோ உள்ள திட்டில் உணர்ச்சி குறைந்திருந்தால், கைகால்களில் காரணமின்றி மரமரப்பு நீடித்தால், சூடு பட்டும் தெரியாவிட்டால், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். அரிப்பும் வலியும் இல்லாத திட்டு என்று அலட்சியம் செய்வதுதான் ஆபத்து.

வங்கி விதிகளிலும் இதற்கோர் இடமுண்டு. மூப்பாலோ நோயாலோ கையொப்பமிட இயலாதவர், கைப் பெருவிரல் அல்லது கால் பெருவிரல் ரேகை வைத்துப் பணம் எடுக்கலாம். வங்கி அறிந்த இரு சாட்சிகள் வேண்டும், அவர்களுள் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருக்க வேண்டும். ரேகையும் வைக்க இயலாமல், கிளைக்கும் வர இயலாமல் இருப்பவரிடம் ஏதேனும் ஒரு குறியைப் படிவத்தில் பெற்று, இரு சாட்சிகளைக் கொண்டு உறுதி செய்யலாம். ரிசர்வ் வங்கி இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. கிளையில் யாரேனும் தயங்கினால் மேலாளரிடம் இவ்விதியைச் சுட்டிக்காட்டுங்கள். எழுத இயலாதவர் இடும் குறியும் கையொப்பமே என்று 1897-ஆம் ஆண்டின் பொது விதிகள் சட்டம் கூறுகிறது. கல்கத்தாவில் ரேகைப் பிரிவு தொடங்கிய அதே ஆண்டு.

ஹூக்ளியிலிருந்து மாற்றலாகி வந்து நாளாகிவிட்டது. தஃப்தரி பண்டிகை நாட்களில் தொலைபேசியில் அழைப்பார். நூற்பாலை முதியவர் ஆண்டுதோறும் வருகிறாராம். கைப்பேசிக்கு முகத்தைக் காட்டும் முன்பு ஒவ்வொரு முறையும் பழக்கத்தால் பெருவிரலை நீட்டுகிறாராம். தம்மைப் பற்றிக் கேட்டதற்கு, முதுகில் உணர்ச்சி திரும்பிவிட்டது, சுண்டுவிரல் நுனி மட்டும் இன்னும் மரத்தே இருக்கிறது என்றார். அரக்கு உருக்கும்போது கையுறை போட்டுக்கொள்கிறார். வீட்டில் சூடான பாத்திரத்தைத் துணியால் பிடிக்கும்படி அவர் மனைவி நாளும் ஒருமுறையேனும் நினைவூட்டுகிறாராம்.